டூத் பிரஷ் உன் பணத்தைத் திருடாது, தங்கச்சி!

போனைப் பத்தி பயமுறுத்துற செய்தி எது வந்தாலும் நான் முதல்ல கேக்கறது இதைத்தான்: யாருக்குப் பணம் போச்சு? எந்த ஊர்ல? எந்த ஸ்டேஷன்ல புகார் பதிவாச்சு? மூணுக்கும் பதில் இல்லைன்னா அந்தச் செய்தி என் போனோட நின்னுடும், வேற யாருக்கும் போகாது. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைங்கறதால, பொம்மனஹள்ளியில தெரிஞ்ச ஜனம் மொத்தமும் இந்த மாதிரி வாய்ஸ் நோட்டை எனக்குத்தான் தள்ளி விடுது. பி.ஜி. விடுதிப் பொண்ணுங்க, கார்மெண்ட்ஸ்ல ஷிப்ட் முடிச்சு வர்ற அக்காங்க, பேகூர் ரோட்டு மளிகைக் கடை அண்ணன், ஊர்ல இருந்து நம்ம அம்மா. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தின்னு மொழி மாறும், பயம் மாறாது. நீயும் இப்போ இந்த ஏரியாவுக்கே வேலைக்கு வந்துட்டே. பி.ஜி. குரூப், ஆபீஸ் குரூப், சீட்டு குரூப்னு எல்லாத்துலயும் உன்னைச் சேர்த்திருப்பாங்க. அதனால எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு சொல்லி வெச்சிடறேன்.

முதல்ல வேடிக்கையான ஒண்ணு. 2024 பிப்ரவரியில உலகம் முழுக்க ஒரு செய்தி ஓடுச்சு. 30 லட்சம் ஸ்மார்ட் டூத் பிரஷ்ஷை ஹேக் பண்ணி, ஒரு சுவிஸ் கம்பெனியோட வெப்சைட்டையே முடக்கிட்டாங்களாம். சுவிட்சர்லாந்துல ஒரு நாளிதழ் முதல்ல எழுதினது, ஃபோர்டினெட்ங்கற பெரிய பாதுகாப்பு நிறுவனத்தோட ஆள் சொன்னதா. எந்தக் கம்பெனி, என்னைக்கு, எந்த பிராண்ட் பிரஷ்னு ஒரு வரி இல்ல. அந்த பிரஷ் எல்லாம் புளூடூத்ல பக்கத்துல இருக்கற போனோட மட்டும்தான் பேசும், நேரா இன்டர்நெட்டுக்கே போகாதேன்னு துறை ஆட்கள் கேட்டாங்க. அப்புறம்தான் ஃபோர்டினெட், அது பேட்டியில உதாரணத்துக்குச் சொன்ன கதை, நிஜமா நடக்கலைன்னு சொன்னது. நடந்ததாத்தானே எங்ககிட்ட சொன்னீங்கன்னு பத்திரிகை சண்டைக்கு வந்தது. அதுக்குள்ள செய்தி பூமியைச் சுத்தி முடிச்சிருந்தது.

இந்தச் செய்தியில பணம் இழந்தவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல, ஆனா எல்லாரும் படிச்சாங்க. பொருள் திருடுதுங்கற கதைக்கு டி.வி.யில எப்பவும் கிராக்கி. மனுஷன் பேசியே ஏமாத்தினான்னா அது நாலாம் பக்கத்துல சின்னதா வரும். ஆனா நம்ம தெருவுல பணம் போறது இந்த நாலாம் பக்க வழியிலதான்.

சார்ஜர், வாட்ச், காண்டாக்ட் லிஸ்ட்

பொது இடத்துல சார்ஜ் போட்டா போன்ல இருக்கறதெல்லாம் போயிடும்னு உன் ரூம்மேட் சொன்னா இல்லையா, அதுக்கு ஜூஸ் ஜாக்கிங்னு பேரு. 2011-ல அமெரிக்காவுல டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுல, இப்படியும் செய்ய முடியும்னு காட்ட ஒரு சார்ஜிங் மேடை வெச்சாங்க. பேரும் அப்போ வந்ததுதான். 2023 ஏப்ரல்ல எஃப்.பி.ஐ.யோட டென்வர் கிளை பொது சார்ஜரைத் தவிர்க்கச் சொல்லி ட்விட்டர்ல ஒரு வரி போட்டதும் உலகமே திரும்ப அலறுச்சு. புது சம்பவம் ஏதாவது நடந்துச்சான்னு கேட்டா, இல்ல, அது பொதுவா சொன்ன அறிவுரைதான்னு பதில் வந்தது. நம்ம ரிசர்வ் வங்கி 2022-ல போட்ட மோசடி எச்சரிக்கைக் கையேட்டுலகூட இதுக்கு ஒரு இடம் இருக்கு. ஆனா இந்த வழியில பணம் இழந்தார்னு உறுதியான ஒரு ஆளை இதுவரைக்கும் யாரும் காட்டலை. ஆராய்ச்சி என்னவோ நிஜம். ஆஸ்திரியாவுல கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2025-ல புது வழி ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் காட்டினாங்க, ஆப்பிளும் கூகுளும் அதை அடைக்க வேலை பார்த்தாங்க. அதனால போன்ல அப்டேட் கேட்டா போட்டுடு. கேபிள் சொருகினதும் 'டேட்டாவை அனுமதிக்கவா'ன்னு வந்தா வேண்டாம்னு அழுத்து. உன் சொந்த அடாப்டரை பையில வெச்சுக்கோ. மத்தபடி ராத்திரி பதினோரு மணிக்கு சில்க் போர்டுல 3 சதவீத பேட்டரியோட நிக்கறப்போ ஒரு சார்ஜர் கிடைச்சா தாராளமா போடு. தனியா வர்ற பொண்ணுக்கு போன் செத்துப் போறதுதான் ஆபத்து.

2022 ஜூன்ல ஒரு வீடியோ வந்துச்சு, ஞாபகம் இருக்கா? சிக்னல்ல கார் கண்ணாடி துடைக்கற பையன், கையில கட்டின ஸ்மார்ட் வாட்ச்சால ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணி பணம் எடுக்கறான்னு. படம் பிடிக்கறதுக்காக நடிச்சது அது. ஃபாஸ்டேக்ல இருந்து பணம், பதிவு பண்ணின வணிகர் கணக்குக்கு மட்டும்தான் போகும், ஆள் விட்டு ஆளுக்குப் போகாதுன்னு, ஃபாஸ்டேக்கையும் யு.பி.ஐ.யையும் நடத்தற என்.பி.சி.ஐ. தெளிவா சொல்லிடுச்சு. ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் ஓசூர் ரோட்டு சிக்னல்ல துணியோட ஒரு பையன் வந்தா கண்ணாடியை ஏத்தற டிரைவருங்க இருக்காங்க. பொய்ச் செய்தியால நஷ்டப்பட்டவங்கன்னு பார்த்தா, நாலு காசு கிடைக்காம போன அந்தப் பசங்கதான்.

அதைவிட விசித்திரம் 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி. ஜனங்க போனை எடுத்துப் பார்த்தா, யாருமே சேமிக்காத ஒரு நம்பர் ஆதார் உதவி எண்ணுங்கற பேர்ல காண்டாக்ட் லிஸ்ட்ல உக்காந்திருக்கு. 1800-300-1947. சரியா ஆறு நாளைக்கு முன்னாடிதான், அப்போ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட தலைவரா இருந்த ஆர்.எஸ்.சர்மா தன்னோட ஆதார் எண்ணை ட்விட்டர்ல போட்டு, முடிஞ்சா எனக்கு ஏதாவது கெடுதல் பண்ணிக் காட்டுங்கன்னு சவால் விட்டிருந்தார். ஊரே சூடா இருந்த நேரம். அரசாங்கம் நம்ம போனுக்குள்ள புகுந்துடுச்சுன்னு ஒரே களேபரம். நாங்க வைக்கச் சொல்லலை, அது பழைய நம்பர்னு ஆதார் ஆணையம் சொன்னது. கடைசியில கூகுள் ஒத்துக்கிச்சு: 2014-ல இந்தியாவுக்கான ஆண்ட்ராய்டு அமைப்புல தங்களோட ஆட்கள் கவனிக்காம அந்த நம்பரைச் சேர்த்துட்டாங்களாம். பழைய போன்ல இருந்து புது போனுக்கு கணக்கு மாத்தினப்போ அதுவும் கூடவே நகர்ந்து வந்திருக்கு. அவ்வளவுதான் கதை.

காண்டாக்ட்ல தானா வந்த நம்பர் ஒண்ணும் பண்ணாது. நீயா தேடிப் போற நம்பர்தான் பண்ணும். கூகுள்ல 'கஸ்டமர் கேர்'னு அடிச்சா வர்ற நம்பர்கள்ல ஏமாத்துக்காரன் போட்டு வெச்சதும் கலந்திருக்கும். பேங்க் நம்பர் வேணுமா, ஏ.டி.எம். கார்டு பின்னாடி இருக்கு. கூரியர், கேஸ், கரண்ட்னா அவங்க செயலிக்குள்ளயே போய் எடு.

பி.ஜி.காரர் கேக்கற ஆதார் ஜெராக்ஸ்

இது நம்ம பெங்களூருலயே பொறந்த கதை, கொஞ்சம் நிதானமா கேளு. 2022 மே 27-ம் தேதி ஆதார் ஆணையத்தோட பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் ஜெராக்ஸைக் கண்டவங்ககிட்ட கொடுக்காதீங்க, தவறாப் பயன்படுத்தலாம், கடைசி நாலு எண் மட்டும் தெரியற மறைச்ச ஆதாரைக் கொடுங்கன்னு. ஓட்டலும் சினிமா தியேட்டரும் ஆதார் நகலை வாங்கி வெச்சுக்க அனுமதி இல்லைன்னும் இருந்தது. பிரவுசிங் சென்டர்ல இ-ஆதார் இறக்காதீங்க, இறக்கினா அந்தக் கோப்பை மொத்தமா அழிச்சுட்டு வாங்கன்னும் இருந்தது. எல்லாமே நியாயமான வார்த்தை.

ஆனா நாடு முழுக்க டி.வி.யில 'ஆதார் ஆபத்து'ன்னு ஓடின ஓட்டத்துல, எத்தனை வருஷமா எத்தனை இடத்துல ஜெராக்ஸ் கொடுத்திருக்கோம்னு ஜனங்க தலையில கை வெச்சாங்க. இது தப்பா புரிஞ்சுக்கப்படலாம்னு சொல்லி மே 29-ம் தேதி மத்திய மின்னணு அமைச்சகம் அறிவிப்பையே வாபஸ் வாங்கிடுச்சு. போட்டோஷாப்ல மாத்தின ஒரு ஆதாரை யாரோ பயன்படுத்தப் பார்த்த சம்பவத்தை ஒட்டி பெங்களூரு அலுவலகம் விட்டதுன்னு விளக்கம். ரெண்டே நாள்ல நல்ல அறிவுரை ஒண்ணு பொறந்து செத்துப்போச்சு. முதல்ல பீதி, அடுத்து 'ஒண்ணுமில்ல, போங்க.' நடுவுல ஜனங்க கத்துக்க வேண்டியதைக் கத்துக்கவே இல்ல.

வாபஸ் வாங்கினாலும் மறைச்ச ஆதார் வசதி அப்படியேதான் இருக்கு. மை-ஆதார் தளத்துல இறக்கறப்போ 'மாஸ்க்ட்'னு ஒரு பெட்டி வரும், அதை டிக் பண்ணு. பி.ஜி.காரருக்கு அது போதும். போதாதுன்னு அடம் பிடிச்சா டிரைவிங் லைசென்ஸோ வோட்டர் ஐ.டி.யோ கொடு. ஜெராக்ஸ் கொடுத்தே ஆகணும்னா, படத்து மேல படாம குறுக்கால 'பி.ஜி. தங்குவதற்கு மட்டும்'னு எழுதி தேதி போடு. பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்ல ஆதாரை அனுப்பினா, வேலை முடிஞ்சதும் அவங்க பக்கமும் அழிக்கச் சொல்லி நின்னு பார்த்துட்டு வா. இன்னொண்ணு: இ-ஆதார் கோப்புக்குப் பூட்டு போட்டிருக்கேன்னு நிம்மதியா இருக்காதே. அதோட பாஸ்வேர்ட் பேரோட முதல் நாலு ஆங்கில எழுத்தும் பொறந்த வருஷமும்தான். உன் பொறந்தநாளுக்கு கேக் வாங்கின எல்லாருக்கும் அது தெரியும்!

அந்த அறிவிப்புக்கு அடுத்த வருஷம், 2023-ல, இதே பெங்களூருல நிஜமாவே பணம் போச்சு. வீடு, மனை பத்திரம் பதிவு பண்ணினவங்க சிலரோட கணக்குல இருந்து, ஓ.டி.பி. எதுவும் வராமலே. பதிவுத்துறை தளத்துல கிடைச்ச பத்திரங்கள்ல இருந்த கைரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, ரேகையை அச்சு மாதிரி செஞ்சு, ஆதார் வழியா பணம் எடுக்கற ஏ.இ.பி.எஸ். முறையில உருவியிருக்காங்க. கிராமத்துல பேங்க் இல்லாத இடத்துல விரல் வெச்சு பணம் எடுக்கறதுக்காகக் கொண்டு வந்த நல்ல ஏற்பாடு அது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரைக்கும் எடுக்கலாம். உனக்கு அது இருக்குன்னே தெரியாம உன் கணக்குல திறந்திருக்கலாம். ஜூஸ் ஜாக்கிங்குக்கு கிடைச்ச டி.வி. நேரத்துல பத்துல ஒரு பங்குகூட இதுக்குக் கிடைக்கலைன்னுதான் நான் நினைக்கறேன்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை நீ செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை, ஆதார் செயலியில இல்லைன்னா ஆதார் தளத்துல போய் பயோமெட்ரிக்கைப் பூட்டறது. காசு கிடையாது, ஆதாரோட இணைச்ச மொபைல் நம்பர் கையில இருந்தா போதும். ரேஷன் கடையிலயோ புது சிம் வாங்கறப்பவோ விரல் வைக்கணும்னா அதே இடத்துல தற்காலிகமா திறந்துக்கலாம், சில நிமிஷத்துல தானா பூட்டிக்கும். ஊருக்குப் போறப்போ அம்மா அப்பாவுக்கும் பண்ணி விடு. ஆனா ரேஷன் கடை வரிசையில அம்மா விரல் வெச்சு வேலை செய்யலைன்னா வீட்டுல உனக்குத்தான் திட்டு விழும். எப்படித் திறக்கறதுன்னு அவங்க கையாலயே ஒரு தடவை செய்ய வெச்சுட்டு வா.

பாதி நிஜம், பாதி வதந்தி

முழுப் பொய்யைக் கண்டுபிடிச்சிடலாம். நிஜமான ஒரு ஆபத்து பக்கத்துலயே நிக்கற பொய்தான் குழப்பும்.

2025 தொடக்கத்துல 'ஜம்ப்டு டெபாசிட்'னு ஒண்ணு ஓடுச்சே, தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீஸ் எச்சரிச்சாங்கன்னு. யாரோ உன் கணக்குக்கு சின்னதா ஒரு தொகை அனுப்புவாங்க, நீ பேலன்ஸ் பார்க்க பின் நம்பர் போட்டதும் மொத்தப் பணமும் போயிடும்னு கதை. வெறுமனே யு.பி.ஐ. செயலியைத் திறக்கறதாலயோ பேலன்ஸ் பார்க்கறதாலயோ எந்தப் பணமும் தானா போகாதுன்னு என்.பி.சி.ஐ. விளக்கம் கொடுத்தது. பேலன்ஸுக்கு போடற பின் வேற திரை, பணம் அனுப்ப போடற பின் வேற திரை. ரெண்டாவதுல யாருக்கு, எவ்வளவுன்னு மேல எழுதியிருக்கும். அதைப் படிச்சுட்டு போடு. பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல. பழைய கட்டிலை விக்கப் போட்டப்போ 'ராணுவத்துல இருக்கேன், கியூ.ஆர். அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்'னு எவனாவது சொன்னா அங்கயே வெட்டி விடு. ஆள் விட்டு ஆள் பணம் கேக்கற 'கலெக்ட்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1-ல இருந்து யு.பி.ஐ.யில நிறுத்தியாச்சு, அது ஒரு நிம்மதி.

அடுத்தது #90. இதை அழுத்தினா உன் சிம்மை நகல் எடுத்துடுவாங்கன்னு பத்து வருஷத்துக்கு மேல சுத்துது, பொய்தான். ஆனா *401* போட்டு ஒரு பத்து இலக்க நம்பரை அழுத்தச் சொன்னா அது நிஜ வலை. உனக்கு வர்ற கால் எல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பிடும். அப்புறம் ஓ.டி.பி.யை கால்ல சொல்லுன்னு வாட்ஸ்அப்கிட்ட அவன் கேப்பான், அந்தக் கால் அவன் போனுக்கே போகும். இதனாலதான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15-ல இருந்து கோட் அடிச்சு கால் திருப்பற வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அப்படியும் டெலிவரி பையன்னு சொல்லி வேற ஒரு கோட் கொடுத்துப் பார்ப்பாங்க. பார்சல் வரணும்னா வீட்டு வாசலுக்கு வரட்டும், நீ எந்த கோடும் அடிக்காதே. சந்தேகம் வந்தா கால் செட்டிங்ஸ்ல 'கால் ஃபார்வேர்டிங்' போய்ப் பாரு, இல்ல ##002# அடிச்சு எல்லாத்தையும் ரத்து பண்ணு.

மார்டினெல்லின்னு ஒரு வீடியோ வரும், திறந்தா பத்து செகண்டுல போன் போயிடும்னு ஒரு ஃபார்வேர்ட் பல வருஷமா, பல நாட்டுல, மாறாத வாசகத்தோட சுத்துது. அப்படி ஒரு வீடியோவே கிடையாது. நிஜத்துல வர்றது ஏ.பி.கே.ன்னு முடியற கோப்பு. கல்யாணப் பத்திரிகைன்னு பேர் வெச்சிருக்கும், இல்ல டிராஃபிக் அபராத ரசீதுன்னு. 2024 ஜூலையில கிளவுட்செக் நிறுவனம் ஒரு கும்பலைப் பத்தி எழுதினது. வியட்நாம்காரங்க, அரசாங்கப் போக்குவரத்துத் தளமான பரிவாஹன் பேர்ல போலி அபராதச் செய்தியை வாட்ஸ்அப்ல அனுப்பி, 4,400-க்கு மேல போன்கள்ல அந்தச் செயலியை ஏத்தியிருந்தாங்க. உள்ளே போனதும் உன் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஸ்கூட்டி வெச்சிருக்கற உனக்கு சில்க் போர்டு பக்கம் அபராதம் விழுந்திருக்கும்னு தோணறது சகஜம், அதைத்தான் அவங்க நம்பறாங்க. அபராதத்தை போலீஸ் தளத்துல வண்டி நம்பர் போட்டுப் பாரு. சொந்த சித்தி மகன் கல்யாணமே ஆனாலும் ஏ.பி.கே.யைத் தொடாதே. அவனைக் கூப்பிட்டு 'எப்போடா கல்யாணம்'னு கேளு.

2025 ஜூன்ல '1,600 கோடி பாஸ்வேர்ட் கசிவு, ஆப்பிள், கூகுள், ஃபேஸ்புக் எல்லாம் போச்சு'ன்னு தலைப்பு வந்ததே, அதுல அந்தக் கம்பெனி எதுவும் உடையலை. வைரஸ் புகுந்த தனித்தனி கம்ப்யூட்டர்கள்ல இருந்து வருஷக்கணக்கா திருடி வெச்சது, பழசும் புதுசும் திரும்பத் திரும்ப வர்றதுமா ஒரு குவியல். நீ பண்ண வேண்டியது சின்னது. மெயிலுக்கு மட்டும் வேற எங்கயும் இல்லாத பாஸ்வேர்ட் வை, அதுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ரெண்டு அடுக்கு பூட்டு போடு. திருட்டு சாஃப்ட்வேர் இறக்காதே. இது போதும்.

வீடியோ கால்ல போலீஸ்

இதுக்கு மட்டும் நிஜமாவே பயப்படு. கூரியர் கம்பெனின்னு ஒரு கால் வரும், உன் பேர்ல போதைப்பொருள் பார்சல்னு. உடனே சி.பி.ஐ.ன்னு ஒருத்தன் வீடியோவுல வருவான். யூனிஃபார்ம், பின்னாடி கொடி, மேஜை எல்லாம் இருக்கும். அறையை விட்டு வெளியே போகாதே, யார்கிட்டயும் சொல்லாதே, கணக்குல இருக்கறதை 'சரிபார்க்க' மாத்துன்னு சொல்வான். பெங்களூருல மென்பொருள் வேலையில இருக்கற ஒரு அம்மா இப்படி மாசக்கணக்கா 187 தடவையில கிட்டத்தட்ட 32 கோடி ரூபாய் அனுப்பிட்டாங்கன்னு 2025 நவம்பர்ல செய்தி வந்தது. அதுல வைரஸ் இல்ல, ஹேக்கர் இல்ல. படிச்சவங்க, கம்ப்யூட்டரோடவே வாழ்ந்தவங்க. அதனால 'எனக்கு இதெல்லாம் நடக்காது'ன்னு மட்டும் நினைக்காதே. டிஜிட்டல் கைதுன்னு சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில சொல்லிட்டார். 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு எவன் சொன்னாலும் போனை வெச்சுட்டு அந்த நிமிஷமே எனக்குப் போன் போடு. நைட் ஷிப்ட்ல இருந்தாலும் எடுப்பேன்.

பணம் போயிட்டா முதல்ல 1930 சைபர் க்ரைம் உதவி எண்ணைக் கூப்பிடு. கையில இதெல்லாம் இருக்கணும்: எந்த பேங்க், எத்தனை மணி, எவ்வளவு தொகை, பரிவர்த்தனையோட யு.டி.ஆர். நம்பர், ஏமாத்தினவனோட போன் நம்பர். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறியோ அவ்வளவு பணம் அடுத்த கணக்குல உறைஞ்சு நிக்க வாய்ப்பு. அதே சூட்டோட சைபர் க்ரைம் தேசிய தளத்துலயும் பதிவு பண்ணு, பேங்க்குக்கும் சொல்லு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில கொண்டு வந்த விதிப்படி, தப்பு உன் மேலயும் இல்ல பேங்க் மேலயும் இல்லைன்னா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உனக்கு நஷ்டம் இல்ல. நீயே பின் நம்பர் சொல்லியிருந்தாலும், தகவல் கொடுத்த நேரத்துக்கு அப்புறம் போற பணம் பேங்க் பொறுப்பு. அதனால வெக்கப்பட்டுக்கிட்டு விடியற வரைக்கும் காத்திருக்காதே. ஸ்டேஷன் போகணும்னா பெங்களூருல சைபர் குற்றத்தைப் பார்க்க சி.இ.என்.னு தனி காவல் நிலையங்கள் இருக்கு. பக்கத்து சாதாரண ஸ்டேஷன்ல முதல்ல சொன்னாலும் தப்பில்ல. கன்னடம் சரியா வரலைன்னா தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசு, இந்தப் பக்கம் போலீஸ்காரங்க பல பேருக்குத் தமிழ் புரியும். புகார் நம்பரை எழுதி வாங்கிக்கோ. ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதே. அவன் உன்னை பிளாக் பண்ணியிருந்தாலும் அந்த சாட்டை அப்படியே விட்டு வை.